எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வேற்றூரில் குடியிருக்கும் நமக்குப் படிவங்களை நிரப்புவது புதிதன்று. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனாலும், ரேஷன் அட்டைக்கு மனுச் செய்தாலும், பெயர், தகப்பனார் பெயர், தாய்மொழி, சொந்த ஊர் என்று கட்டங்கள் வரிசையாக நிற்கும். நிரப்புகிறவருக்கு அது ஒரு நொடி வேலை. அந்தக் கட்டத்தை வகுத்தவர் யார், எதற்காக வகுத்தார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக ஒரே ஒரு கட்டத்தின் பொருட்டு வாதாடிய வரலாற்றை இம்மாதம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர்கள் வட அமெரிக்காவில் குடியேறிய யூதர்கள். அந்தக் கட்டத்தின் பெயர் ‘இனம்’.

வரலாற்றின் பிற்பகுதியிலிருந்தே தொடங்குவோம். 1982-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், அமெரிக்கத் தலைநகரை அடுத்த சில்வர் ஸ்பிரிங் என்னும் ஊரில், ஷாரே டெஃபிலா என்ற யூத ஆலயத்தின் புறச்சுவர்களில் சிலர் சிவப்புச் சாயத்தாலும் கறுப்புச் சாயத்தாலும் யூதரை இழித்துரைக்கும் வாசகங்களை எழுதிவிட்டனர். ஆலயத்தார் வழக்குத் தொடுத்தனர். அவர்கள் துணைக்கொண்ட சட்டம் 1866-இல் இயற்றப்பெற்றது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்கு, சொத்துரிமையில் வெள்ளையருக்குள்ள அதே பாதுகாப்பை அளிப்பது அதன் நோக்கம். கீழ் நீதிமன்றங்கள் வழக்கைத் தள்ளிவிட்டன. “இச்சட்டம் இன வெறுப்பினால் வரும் தீங்குகளுக்கே உரியது. யூதர் தனி இனத்தார் அல்லரே!” என்பதுதான் அவை கண்ட முடிவு.

இவ்விடத்தில் நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாங்கள் தனி இனம் என்று ஆலயத்தாரும் சொல்லவில்லை. “நாங்கள் தனி இனம் அல்லோம். ஆனால், சுவரில் எழுதியவர்கள் எங்களைத் தனி இனமாக எண்ணியன்றோ எழுதினார்கள்?” என்பதே அவர்கள் வாதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1987-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் தேதி நீதிபதிகள் அனைவரும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். இன்று யூதர் தனி இனமா அல்லரா என்பது கேள்வியன்றாம். சட்டம் இயற்றிய 1866-இல் மக்கள் அவர்களை எப்படி எண்ணினர் என்பதே கேள்வியாம். அக்காலத்தில் யூதரைத் தனி இனமாகவே எண்ணினர். ஆகவே, அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு! தீர்ப்பை எழுதிய நீதிபதியின் பெயர் வைட். அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் ‘வெள்ளை’ என்று பொருள் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

தாத்தாக்கள் வேண்டாம் வேண்டாம் என்று மறுத்த பெயரே பேரப்பிள்ளைகளுக்குக் காப்பாக வந்து நின்றது. இந்த விந்தையை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1654-ஆம் ஆண்டு, இன்று நியூயார்க் என வழங்கும் நியூ ஆம்ஸ்டர்டாம் துறைமுகத்தில் 23 யூதர்கள் வந்திறங்கினர். பிரேசில் நாட்டு ரெசிஃபெ நகரைப் போர்த்துக்கீசியர் டச்சுக்காரரிடமிருந்து மீட்டுக்கொண்டபோது, அங்கிருந்து கைப்பொருள் இழந்து வந்தவர்கள் அவர்கள். டச்சுக் கவர்னர் பீட்டர் ஸ்டைவசன்டுக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வெளியேற்றிவிட அனுமதி கேட்டு ஹாலந்திலிருந்த கம்பெனி அதிபர்களுக்கு எழுதினார். கம்பெனியிலோ யூத வணிகர்கள் பெரும் பணம் போட்டிருந்தனர். “இருந்துவிட்டுப் போகட்டும், அவர்களில் ஏழைகளை அவர்களே காப்பாற்றிக்கொள்ளட்டும்” என்ற கருத்தில் விடை வந்தது. நெஞ்சின் ஈரத்தைவிடக் கணக்குப் புத்தகமே அன்று அவர்களுக்கு நல்ல வக்கீலாக அமைந்தது.

அமெரிக்கா விடுதலை பெற்றபின், 1790-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதற் குடியுரிமைச் சட்டம் பிறந்தது. வெளிநாட்டிலிருந்து வருவோருள் எவர் குடியுரிமை பெறலாம் என்பதற்கு அச்சட்டம் விதித்த தகுதி, ‘சுதந்திரமுள்ள வெள்ளையர்’ என்பது. மதத்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம், ஜனாதிபதி வாஷிங்டன் நியூபோர்ட் நகரத்து யூதர்களுக்கு ஒரு கடிதம் விடுத்தார். மதவெறிக்கு இவ்வரசு துணை நிற்காது என்று அதில் உறுதி கூறினார். அந்தக் கடிதத்தை யூதர்கள் இன்றளவும் போற்றி ஆண்டுதோறும் வாசிக்கின்றனர். ஆயினும், அவர்களுக்குக் கதவைத் திறந்தது கடிதம் மட்டுமன்று. மார்ச்சு மாதத்துச் சட்டத்தில் இருந்த ‘வெள்ளையர்’ என்ற சொல்லும் அதற்குத் திறவுகோலாயிற்று. ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாகப் புறச்சேரியில் அடைபட்டுக் கிடந்தவர்கள், அந்த நாட்டில் தங்களுக்குக் கீழே வேறொரு மக்கள் கூட்டம் அடிமைப்பட்டிருந்ததால், வெள்ளையர் என்ற வரிசையில் இடம் பெற்றார்கள்.

பெற்ற இடத்தை அவர்கள் எவ்வாறு பயன்படுத்தினார்கள் என்றால், ஒரே விதமாக அன்று. லூயிசியானாவில் அடிமைகளைக் கொண்டு கரும்புத் தோட்டம் நடத்திய ஜூடா பெஞ்சமின், உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் பிரிந்து நின்ற தென்னாட்டு அரசின் வெளிநாட்டு மந்திரியானார். நியூயார்க் ராபி மாரிஸ் ரஃபால், வேதத்தில் அடிமை முறைக்குத் தடையில்லை என்று 1861-இல் பிரசங்கம் செய்தார். அதே ஆண்டில் பால்டிமோர் நகரத்து ராபி டேவிட் ஐன்ஹார்ன், அடிமை முறையைக் கண்டித்த குற்றத்துக்காகக் கலகக் கும்பலுக்குத் தப்பி ஊரை விட்டே ஓட நேர்ந்தது. வடநாட்டுப் படைத்தலைவர் கிராண்ட், 1862-ஆம் ஆண்டு டிசம்பரில், பருத்தி வணிகத்தில் நடந்த முறைகேடுகளைக் காரணங்காட்டித் தம் ஆட்சிக்குட்பட்ட பகுதியிலிருந்து யூதர் எல்லாரும் வெளியேற வேண்டும் என்று கட்டளையிட்டார். பதூக்கா என்னும் ஊரிலிருந்து சீசர் காஸ்கல் என்ற யூத வணிகர் வாஷிங்டனுக்கே சென்று முறையிட, ஜனாதிபதி லிங்கன் அக்கட்டளையைச் சில நாட்களில் நீக்கினார். அடிமைகளின் விலங்கை அறுக்கப் புறப்பட்ட படையிலிருந்தே இப்படியொரு கட்டளை பிறந்தது என்பதை மறக்க முடியாது.

இந்த வரிசை எவ்வளவு தளர்வானது என்பது 1880-களுக்குப் பின்னரே வெளிப்பட்டது. ரஷ்ய சாம்ராஜ்யத்தில் கலகங்களுக்கும் வறுமைக்கும் அஞ்சிய யூதர்கள் கப்பல் கப்பலாக வந்தனர். 1881 முதல் 1924 வரை வந்தவர்கள் 20 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். நியூயார்க்கின் கீழைப் பகுதிச் சந்துகளில் நெருக்கியடித்துக் குடியேறித் தையல் பட்டறைகளில் உழைத்தார்கள். அவர்கள் பேசிய இட்டிஷ் மொழி, அமெரிக்கக் காதுக்குப் புதிது. முன்னமே வந்து செல்வராகிவிட்ட ஜெர்மானிய யூதருக்குக்கூட இவர்களைக் கண்டால் சற்றுக் கூச்சந்தான். (முன்னே வந்து காலூன்றியவர்கள், பின்னே மூட்டையோடு வருகிறவர்களைக் கண்டு கூசுவது அந்த நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமா என்ன?)

1899-இல் அமெரிக்கக் குடியேற்ற இலாகா ஒரு புதிய பட்டியலை வகுத்தது. கப்பலிலிருந்து இறங்குவோர் எந்த நாட்டார் என்பதோடு, எந்த ‘இனத்தார்’ என்பதையும் குறிக்க வேண்டும் என்று விதித்தது. வட இத்தாலியர் ஓர் இனம், தென் இத்தாலியர் வேறோர் இனம்! அந்தப் பட்டியலில் ‘எபிரேயர்’ என்றும் ஓர் இனம் இருந்தது. ரஷ்யாவிலிருந்து வந்தாலும் ருமேனியாவிலிருந்து வந்தாலும், யூதர் எபிரேயர் என்றே பதிவாயினர். சட்டப்படி அவர்கள் வெள்ளையர். குமாஸ்தாவின் ஏட்டிலோ எபிரேயர்.

இதை எதிர்த்தவர்களுள் முதல்வர் வாஷிங்டனில் வக்கீலாயிருந்த சைமன் வுல்ஃப். யூதம் என்பது மதம், மதத்தைக் கேட்க அரசுக்கு உரிமையில்லை, கத்தோலிக்கரை அப்படிக் கேட்கிறீர்களா என்று அவர் குடியேற்றக் கமிஷன் முன்னர் வாதாடினார். ஆனால், இதில் யூதர் எல்லாரும் ஒரு கட்சியாக நிற்கவில்லை. இட்டிஷ் பேசிய எளிய மக்களிலும் சியோனியரிலும் பலர், “நாம் ஒரு மக்கள் கூட்டம் என்று எழுதிக்கொள்வதில் நமக்கு என்ன வெட்கம்?” என்று கேட்டனர். மாளிகை வாசிகளுக்கு அந்தச் சொல் ஆபத்து. சந்து வாசிகளுக்கு அதுவே சொந்தம். இருதரப்பிலும் நியாயம் இருந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது. வீட்டில் தாய் கூப்பிடும் பெயரும் போலீஸ்காரர் டயரியில் எழுதும் பெயரும் ஒன்றாகவே இருந்தாலும், கேட்கும்போது ஒன்றாக இருப்பதில்லை. எபிரேயர் என்ற கட்டம் குடியேற்ற ஏட்டிலிருந்து நீங்கியது 1943-இல்தான்.

அந்தக் கமிஷனுக்காகவே மற்றொருவர் அரியதொரு வேலை செய்தார். ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராயிருந்த ஃபிரான்ஸ் போவாஸ், நியூயார்க்கில் குடியேறியோர், அவர்தம் மக்கள் ஆகிய ஏறத்தாழ 18,000 பேரின் தலைகளை அளந்தார். மண்டையோட்டின் வடிவம் மாறாதது, அதுவே இனத்தின் முத்திரை என்று அக்கால அறிஞர் பலர் நம்பியிருந்தனர். போவாஸ் கண்டது வேறு. உருண்டைத் தலையரான கிழக்கு ஐரோப்பிய யூதருக்கு அமெரிக்காவில் பிறந்த குழந்தைகளின் தலை சற்று நீண்டிருந்தது. நீண்ட தலையரான சிசிலியருக்குப் பிறந்த குழந்தைகளின் தலை சற்றுக் குறுகியிருந்தது. முத்திரை என்று எண்ணியது ஊரும் உணவும் மாற மாறுகிறது! 1911-இல் கமிஷனின் அறிக்கை 41 தொகுதிகளாக வெளிவந்தது. போவாஸின் ஆராய்ச்சி அதில் ஒரு தொகுதி. அதைச் சேர்த்து அச்சிட்டவர்கள், அதற்கு நேர்மாறான முடிவுகளையே கைக்கொண்டனர்.

அதற்கிடையே 1913-இல் ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா நகரில் ஒரு துயரம் நிகழ்ந்தது. பென்சில் தொழிற்சாலை ஒன்றில் 13 வயதுச் சிறுமி மேரி ஃபேகன் கொலையுண்டு கிடந்தாள். தொழிற்சாலையின் மேலாளர் லியோ ஃபிராங்க், வடக்கே வளர்ந்த யூதர். அவருக்கு எதிராக முதன்மைச் சாட்சி சொன்னவர், அங்கே பெருக்கும் வேலை பார்த்த ஜிம் கான்லி என்ற கறுப்பினத்தவர். வெள்ளையர் ஒருவருக்கு எதிராகக் கறுப்பர் சொல்லும் சாட்சியம் எடுபடுவது தென்னாட்டில் அரிது. இங்கே எடுபட்டது. ஃபிராங்கின் வக்கீல்கள் என்ன செய்தார்கள்? “ஒரு கறுப்பனின் சொல்லைக் கேட்டு வெள்ளையனைத் தூக்கிலிடுவதா?” என்ற போக்கில் இழிமொழிகளை வீசித் தங்கள் கட்சிக்காரரைக் காக்க முயன்றனர். அது பலிக்கவில்லை. மரண தண்டனையைக் கவர்னர் ஸ்லேட்டன் ஆயுள் தண்டனையாகக் குறைத்ததும், 1915-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு கும்பல் சிறையிலிருந்து ஃபிராங்கை இழுத்துச் சென்று மரத்தில் தூக்கிலிட்டது. கறுப்பின மக்களுக்கு அந்நாட்டில் வழக்கமாக நேர்ந்துவந்த சாவு அது. வரிசையில் மேலே நிற்கிறோம் என்று காட்டப் பிறரைக் கீழே தள்ளிய வாதம், அந்த மரத்தடியில் பயன்படவில்லை.

இந்தக் கட்டம் நம் நாட்டாரையும் தொட்டது. 1910-இல் பம்பாய்ப் பார்சி வணிகரான பிகாஜி பால்சாராவை வெள்ளையர் என்று ஒப்பி அமெரிக்க நீதிமன்றம் அவரது குடியுரிமையை உறுதி செய்தது. பஞ்சாபியரான பகத் சிங் தின்ட், முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். அவர் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றபோது 1923-இல் முடிவு வேறாயிற்று. அவர் தரப்பில் சொன்ன வாதத்தை நாம் பெருமையோடு நினைக்க இயலவில்லை. தாம் உயர்சாதி ஆரியர் என்றும், அமெரிக்க வெள்ளையர் கறுப்பரை மணவுறவில் விலக்குவது போலத் தாமும் தம் நாட்டுப் பழங்குடியினரை விலக்குபவர் என்றும் வாதாடினர். அட்லாண்டாவில் தோற்ற வாதத்தின் தம்பி இது. நீதிபதி சதர்லாண்ட், ஆராய்ச்சியாளரின் வகைப்பாடு எதுவாயினும், சாதாரண மனிதர் இந்தியரை வெள்ளையர் என்று கருதமாட்டார் என்று கூறிவிட்டார். ஐரோப்பியரின் குழந்தைகள் அமெரிக்க மக்களுள் எளிதில் கலந்துவிடுவர், இந்தியர் கலவார் என்பது அவர் கண்ட வேற்றுமை. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியரிடமிருந்தும் அதைப் பறிக்கலாயினர். அப்படி இழந்த வைஷ்ணோ தாஸ் பகாய் என்னும் வணிகர் 1928-இல் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார்.

ஐரோப்பியர் எளிதில் கலந்துவிடுவர் என்று நீதிமன்றம் சொன்ன மறு ஆண்டே, அந்த ஐரோப்பியரிலும் ஒரு பகுதியார் வேண்டாம் என்று சட்டசபை முடிவு செய்தது. 1924-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், ஒவ்வொரு நாட்டிலிருந்தும் எத்தனை பேர் வரலாம் என்பதற்கு 1890-ஆம் ஆண்டுக் கணக்கை அளவாக வைத்தது. இத்தாலியரும் யூதரும் பெருந்திரளாக வருவதற்கு முந்திய கணக்கு அது! ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் லோவல், மாணவருள் யூதர் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலாகிவிட்டனர் என்று 1922-இல் வரம்பு கட்ட முனைந்தார். வெளிப்படையான வரம்பை ஆசிரியர்கள் ஏற்கவில்லை. அதனால், விண்ணப்பப் படிவத்தில் புதிய கட்டங்கள் முளைத்தன. தாயின் கன்னிப் பருவத்துக் குடும்பப் பெயர் என்ன? உமது பெயரோ தகப்பனார் பெயரோ பிறந்தபின் மாற்றப்பட்டதுண்டா? யூதரைக் கண்டுகொள்ள ‘யூதர்’ என்ற சொல்லே தேவைப்படவில்லை. 1939-இல் ஜெர்மனியிலிருந்து தப்பி 937 பயணிகளோடு வந்த ‘செயின்ட் லூயிஸ்’ கப்பலைக் கியூபா ஏற்க மறுத்தது. அமெரிக்காவும் கனடாவும் இடம் தரவில்லை. ஐரோப்பாவுக்குத் திரும்பியவர்களுள் 254 பேர் பின்னர் நாஜிகளின் கொடுமைக் காலத்தில் மாண்டனர்.

வீடு தேடி அலைந்து பழகிய நமக்குக் கனடாவில் நடந்த ஒரு வழக்கு நன்கு விளங்கும். ஹியூரன் ஏரிக்கரையில் பீச் ஓ பைன்ஸ் என்ற கோடை வாசத் தலம். அங்குள்ள மனைகளை யூத, எபிரேய, செமிட்டிய, நீக்ரோ அல்லது நிற இனத்தையோ குருதியையோ சேர்ந்தவருக்கு விற்கலாகாது என்று 1933-ஆம் ஆண்டுப் பத்திரத்தில் எழுதி வைத்திருந்தனர். 1948-இல் பெர்னார்டு வுல்ஃப் என்ற யூத வணிகர் அங்கே ஒரு வீட்டை விலை பேசினார். விற்கும் அம்மையாருக்கு ஆட்சேபம் இல்லை. அக்கம்பக்கத்தாருக்கே ஆட்சேபம். 1950-இல் கனடிய உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையைச் செல்லாதாக்கியது. மனிதர் எல்லாரும் சமம் என்ற உயர்ந்த தத்துவத்தினால் அன்று. ‘இனம், குருதி’ என்றால் எவ்வளவு குருதி? பாட்டன் ஒருவர் யூதரானால் போதுமா, முப்பாட்டனானால் ஆகுமா? அளவு சொல்லாத நிபந்தனை தெளிவற்றது என்பது தீர்ப்பின் காரணங்களுள் ஒன்று. தலையை அளந்து போவாஸ் காட்டியதைப் பத்திரத்தைப் படித்தே நீதிபதிகள் கண்டுகொண்டார்கள்.

அமெரிக்காவில் போருக்குப் பின் அரசின் உதவிக் கடனோடு புறநகர்கள் எழுந்தன. யூத இளைஞர்கள் படையிலிருந்து திரும்பிக் கல்லூரியில் சேர்ந்தனர், வீடு வாங்கினர். ஒரு தலைமுறைக்குள் ‘எபிரேய இனம்’ என்ற பேச்சே மங்கி, அவர்கள் ஐயமற வெள்ளையராயினர். நியூயார்க்கை அடுத்து ஆயிரக்கணக்கில் வீடு கட்டி விற்ற லெவிட் டவுனில் கறுப்பின மக்களுக்கு வீடு இல்லை. அதைக் கட்டிய வில்லியம் லெவிட் யூதர். அந்தக் காலத்திலேதான், கறுப்பரின் வாக்குரிமைக்காகப் பாடுபட மிசிசிப்பிக்குச் சென்ற ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் என்ற இரண்டு யூத இளைஞர்களும், அவர்களோடு ஜேம்ஸ் சேனி என்ற கறுப்பின இளைஞரும் 1964-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கொலையுண்டு, ஒரே மண்ணணையின் அடியில் புதைக்கப்பட்டனர். இரண்டும் ஒரே சமூகத்தின் வரலாறு. ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

இனி, நமக்கு மிக நெருங்கிய ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இமானுவேல் செல்லர், 1888-இல் நியூயார்க் புரூக்ளின் பகுதியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1923-இல் காங்கிரஸ் சபையில் முதன்முறை உறுப்பினரானார். 1924-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது புதியவராக நின்று எதிர்த்துப் பேசித் தோற்றார். 1946-இல் கிளேர் பூத் லூஸ் அம்மையாரோடு சேர்ந்து அவர் நிறைவேற்றிய சட்டத்தினால், தின்ட் வழக்கு இந்தியருக்கு அடைத்த கதவு திறந்தது. ஆனால், ஆண்டுக்கு 100 இந்தியர் என்பதே கணக்கு. 1965-இல் ஹார்ட்டோடு சேர்ந்து அவர் கொண்டுவந்த சட்டம், நாட்டுக்கு நாடு வேற்றுமை காட்டிய பழைய பங்கீட்டையே ஒழித்தது. அவ்வாண்டு அக்டோபர் 3-ஆம் தேதி, சுதந்திர தேவி சிலையின் அடியில் ஜனாதிபதி ஜான்சன் அதில் கையெழுத்திட்டார். செல்லருக்கு அப்போது வயது 77. தோற்ற வழக்கை வெல்ல அவர் 41 ஆண்டுகள் அதே சபையில் உட்கார்ந்திருந்தார். நம் வீட்டுப் பிள்ளைகள் டாக்டராகவும் என்ஜினீயராகவும் நியூஜெர்சிக்கும் டெக்ஸசுக்கும் சென்று, அங்கிருந்து நம் வீடுகளுக்கு விசாரித்து எழுதுவதெல்லாம் அந்தச் சட்டத்தின் வழியே வந்ததுதான்.

அப்படிச் சென்ற இந்தியர்களை 1970-ஆம் ஆண்டு அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கு எந்தக் கட்டத்தில் எழுதியது என்று நினைக்கிறீர்கள்? தின்ட் 1923-இல் கேட்டுக் கிடைக்காத அதே ‘வெள்ளையர்’ கட்டத்தில்தான்! யாரும் கேளாமலே கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் அங்குள்ள இந்தியர் சங்கம் ஒன்று அரசுக்கு மனுச் செய்தது. வெள்ளையர் என்ற கணக்கில் மறைந்துபோனால், வேலையிலும் தொழிலிலும் தங்களுக்கு நேரும் பாகுபாட்டை மெய்ப்பிக்க வழியில்லை, ஆகவே தங்களுக்குத் தனிக் கட்டம் வேண்டும் என்பது மனுவின் சாரம். 1980-ஆம் ஆண்டுக் கணக்கில் ‘ஆசிய இந்தியர்’ என்ற கட்டம் அச்சாகி வந்தது.